ஒன்பதாம் மரத்துக்கு ஒரு குறி

வயுவா "முடியாது" என்று சொன்னபோது அவள் இரண்டு கைகளிலும் முழங்கை வரை சோப்பு நுரை இருந்தது. சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

"என்ன முடியாது?" என்றான் முதியானி. ஆய்வுக்கூடத்து உதவியாளன். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தது. தட்டில் இருபத்து மூன்று ஜாம் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் கண்ணாடி போன்ற ஊட்டக்கூழின் மேல் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. மரத்தின் இளங்கிளையிலிருந்து வெட்டிய துணுக்கு, கூழைத் தின்று பெருத்து அப்படிக் கட்டியாகும். இவை எல்லாம் பழுப்பேறியிருந்தன. நாலைந்து கறுத்தே போயிருந்தன.

"இதை நான் வேக வைக்க மாட்டேன்."

"முதானும்மா, இங்க மரத்துக்குச் சமைக்கிறதும் நீங்க, மிச்சம் மீதியை வேக வச்சுக் கொட்டுறதும் நீங்க. நீங்க மாட்டேன்னா நான் இதை எங்க கொண்டுபோய் வைக்கட்டும், தலையிலயா?" மகள் முதானுவின் பேரைச் சேர்த்துத்தான் அவன் அவளை எப்போதும் கூப்பிடுவான்.

"உன் தலையில வச்சா கூழ்கூட உறையாது. அங்க வை."

"டாக்டர் வெள்ளிக்கிழமைக்குள்ள அறையைக் காலி பண்ணச் சொல்லியிருக்காரு."

"அறையைத்தானே? காலி பண்ணு. இந்தத் தட்டை அங்க வை."

முதியானி தட்டை மேசையில் வைத்தான். வைத்துவிட்டு, இதில் எனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல இரண்டு அடி தள்ளி நின்றான்.

கிடுய் நகரத்துக்கு வெளியே, முவிங்கி போகும் சாலையில் இருக்கும் அந்த வன ஆராய்ச்சி நிலையத்துக்கு வயுவா வந்து பதினோரு வருடமாகிறது. நாற்றங்காலில் வேலை செய்யும் ஆட்களுக்கு முத்தோகோய் வேக வைத்துப் போடத்தான் முதலில் எடுத்தார்கள். உமி நீக்கிய சோளமும் பயறும் ஒரே பதத்தில் வேக வேண்டும். ஒன்று குழைந்து மற்றது கடிபட்டால் ஆட்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்கள். அவள் சமையலில் அப்படி யாரும் சொன்னதில்லை. திசு வளர்ப்பு அறை திறந்தபோது, நெருப்பையும் ஆவியையும் பதம் பார்க்கத் தெரிந்தவள் என்று அவளை அங்கே மாற்றினார்கள். சர்க்கரையும் உப்புகளும் கலந்து கூழ் காய்ச்ச வேண்டும். பாட்டில்களில் ஊற்றி, ஆளுயர ஆவிக்கலனில் வைத்துக் கிருமி சாக வேக வைக்க வேண்டும். அங்கிருந்து பாட்டில்கள் உள்ளறைக்குப் போகும். உள்ளறைக்குள் அவளுக்கு அனுமதி இல்லை. ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு, அதன் வழியாகப் பார்க்கலாம்.

உள்ளே போன பாட்டில்கள் என்றாவது ஒரு நாள் அவளிடமே திரும்பி வரும். பூஞ்சை பிடித்தவை, அழுகியவை, கறுத்தவை. எல்லாவற்றையும் மறுபடி ஆவியில் வைத்துக் கொன்று, கூழை வழித்துக் கொட்டி, பாட்டிலைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

இத்தனை பாடும் முகாவு மரத்துக்காக. எங்கள் பக்கத்தில் முகாவுக்கு நிகராக ஒரு மரம் கிடையாது. கரையான் தொடாது. சட்டென்று உயரும். மழை பொய்த்த வருடத்திலும் ஆட்டுக்குத் தழை தரும். ஆனால் விதை மட்டும் கல் நெஞ்சு. கொட்டையைக் கத்தியால் பிளந்து, பருப்பைக் காயப்படுத்தாமல் எடுத்து, ஊற வைத்து, மணலில் போட்டாலும் நூற்றுக்கு இருபது முளைத்தால் பெரிய காரியம். அதனால்தான் நல்ல மரங்களின் கிளைத் துணுக்குகளைப் பாட்டிலில் வளர்த்து, செல்லிலிருந்தே கன்று எடுத்துவிடலாம் என்று டாக்டர் முசிலி நான்கு வருடமாகப் பாடுபட்டார். அவர் மச்சாகோஸ் ஊர்க்காரர், எங்களைப்போலக் கம்பா இனம்தான். நேர்மையான மனிதர். ஞாயிற்றுக்கிழமையும் வருவார். தினமும் கட்டிகளை எடை போடுவார். எந்தக் கட்டி பெருத்ததோ அது வெற்றி. அதன் எடை வருட அறிக்கையில் ஏறும் கோடாகப் போகும். நான்கு வருடமும் கோடு ஏறியது. ஒரு கன்றுகூட வரவில்லை.

இப்போது தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. அறையை விதைக் கிடங்காக்க வேண்டும். எடையில் முந்திய பத்து பாட்டில்களை மட்டும் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவற்றை அழிக்க வேண்டும். அந்தப் பத்தும் ஏப்ரல், மே மாதங்களில், மழைக்காலத்தில் வெட்டிய துணுக்குகள். வெள்ளை வெளேரென்று, நுரைபோல, பாட்டில் நிறையப் பெருத்தவை.

தட்டிலிருந்த இருபத்து மூன்றும் ஒன்பதாம் மரத்துடையவை.

ஒன்பது என்பது டாக்டர் கொடுத்த எண். அந்த மரம் வயுவாவின் அப்பா நிலத்தின் ஓரத்தில், சாலையை ஒட்டி நின்றது. தாயின் வயிற்றில் அவள் இருந்த வருடம் பஞ்சம். அதனால்தான் வயுவா என்று பேர். எங்கள் மொழியில் பஞ்சத்தில் பிறந்தவள் என்று அர்த்தம். அந்த வருடம் வீட்டு ஆடுகள் பிழைத்தது அந்த மரத்துத் தழையில்தான் என்பார்கள். அதன் மேல்கிளையில் அவள் அப்பா கட்டையைக் குடைந்து செய்த தேன்கூடுகள் மூன்று தொங்கின. அடிமரத்தில் குலக்குறி செதுக்கியிருந்தார்: இரண்டு சாய்கோடு, கீழே ஒரு வளையம். எங்கள் ஊரில் கூடு காட்டின் நடுவே ஆறு மாதம் ஆளில்லாமல் தொங்கும். குறி இருந்தால் போதும். பசித்தவன்கூட அண்ணாந்து பார்த்துவிட்டு நடப்பானே தவிர, கை வைக்க மாட்டான்.

போன செப்டம்பரில், கோடையின் உச்சத்தில், ஒரு துளி மழை விழாத நேரத்தில், அந்த மரத்தில் துளிர் வெட்ட வாருங்கள் என்று டாக்டரை நச்சரித்துக் கூட்டிப்போனவள் வயுவா. முகாவு அப்படித்தான். மற்ற மரங்கள் மழைக்குக் காத்திருக்கும். முகாவு மழை வருவதற்கு முன்பே, காய்ந்த மண்ணில் நின்றபடி, சேர்த்து வைத்ததைச் செலவழித்துத் துளிர்விட்டுவிடும். அந்தத் துளிர்தான் இந்தக் கட்டிகள்.

ஜனவரியில் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் மரத்தை வெட்டினார்கள். செய்தி கேட்டு அவள் ஓடியபோது மரம் படுத்திருந்தது. செதுக்கிய குறி மேல்பக்கமாக, வெயிலைப் பார்த்துக் கிடந்தது. "தாள் இருக்கும்மா, சட்டப்படிதான்" என்று மேஸ்திரி ஒரு காகிதத்தை ஆட்டினான். அவள் அதை வாங்கிப் படித்தாள். முழுவதும் படித்தாள். "மரத்தோட பேரையே தப்பா எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆக, அந்த மரத்தில் உயிரோடு மிச்சமிருப்பது இந்த இருபத்து மூன்று பாட்டிலில் இருப்பது மட்டும்தான். அதற்குத்தான் அவள் முடியாது என்றாள்.

புதன்கிழமை டாக்டர் வந்தார்.

"வயுவா, முதியானி ஏதோ சொல்றான். என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்ல டாக்டர். அது சாகல."

"பழுப்பாகிடுச்சு. பழுப்பானா செத்ததுன்னுதானே அர்த்தம்? நாலு வருஷமா அப்படித்தானே தூக்கிப் போடறோம்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நாலு வருஷமாத் தூக்கிப் போட்டீங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் அப்படிச் செய்வார். "உங்க வேலை பாட்டில். பாட்டில்ல என்ன இருக்குங்கறது என் வேலை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள இது ஆவிக்கலன்ல இருக்கணும்."

அவர் போன பிறகு வயுவா கைகளைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள். பாட்டிலில் எழுதும் மெழுகுப் பென்சில் ஆவியில் உருகிவிடும், நகப்பூச்சு போகாது. அதனால் அங்கே எப்போதும் ஒரு குப்பி இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு சாய்கோடு, கீழே ஒரு வளையம். இருபத்து மூன்று முறை.

ஓட்டுநர் கிமெயு தேநீர் வாங்க வந்தவர் அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். கிழவர். அவருக்கே நாற்பது கூடுகள் உண்டு.

"ஏம்மா, என்ன பண்ணுற? பொம்பளை குறி போடுறதை நான் எங்கயும் பார்த்ததில்லை."

"இப்பப் பார்த்துட்டீங்கல்ல? தேநீர் ஆறுது, எடுத்துக்கங்க."

"அது உங்கப்பா குறி. கட்டிக்கொடுத்த பிறகு உனக்கு ஏது?"

"கட்டினவன் மொம்பாசா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அவன் குறியைப் போடட்டுமா? அவனுக்குக் கூடும் இல்ல, மரமும் இல்ல. இருந்த ஒரு குறி செருப்புத் தடம்தான், அதுவும் போற பக்கம் பார்த்தது."

கிமெயு சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். முடியவில்லை. தேநீர் மீசையில் சிந்தியது.

வெள்ளிக்கிழமை வந்தது. முதியானி தட்டைத் தூக்கப் போனான், குறியைப் பார்த்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொட மாட்டேன் டாக்டர். எங்க வீட்டுல கேட்டா செருப்பால அடிப்பாங்க." காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி ஓடியே போனார். கிமெயுவிடம் சொல்ல, "நான் வண்டி ஓட்டுறவன்" என்றார்.

டாக்டர் தாமே தட்டின் அருகில் போனார். படித்தவர்தான், நெதர்லாந்தில் மூன்று வருடம் இருந்தவர்தான். ஆனால் அவர் கையும் தட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவர் தாத்தாவுக்கும் கூடுகள் இருந்திருக்கும்.

"இது அரசாங்கச் சொத்து, வயுவா."

"பாட்டில் அரசாங்கத்துது. கூழு அரசாங்கத்துது, அதுவும் நான் காய்ச்சினது. உள்ள இருக்கறது குறி போட்ட மரத்துலேர்ந்து வந்தது. நீங்க கிளையை வெட்டினீங்க. குறியை வெட்டலையே?"

"இது தேன்கூடு இல்ல. அறிவியல். பிடிவாதம் பிடிச்சா செத்த செல் எழுந்து வராது."

"அறிவியல்தானே? வாங்க, காட்டறேன்."

கழுவும் அறையின் கதவு எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும். அதன் உள்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. வயுவா அதை இழுத்து மூடினாள்.

கதவு முழுவதும் சீட்டுகள். பாட்டிலில் ஒட்டும் சின்னச் சீட்டுகள். மர எண், வெட்டிய தேதி எழுதியவை. நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு காலத்தில் அவற்றை உரித்துத் தொட்டியில் விட்டு, குழாய் அடைத்துக்கொண்டு, அதற்கு அவள் திட்டு வாங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஈரத்தோடு கதவில் ஒட்டத் தொடங்கினாள். முதலில் கண்ட இடத்தில் ஒட்டினாள். பிறகு அவளுக்கே ஒன்று புரிந்தது. கழுவும்போது சில கட்டிகள் விரலில் சளிபோல வழிந்தன. சில கல்போல, உள்ளே குறுமணி குறுமணியாக இருந்தன. வழிந்தவற்றின் சீட்டை இடது பக்கமும் மணியாக இருந்தவற்றின் சீட்டை வலது பக்கமும் ஒட்டினாள். நான்கு வருடம் ஒட்டினாள்.

"தேதியைப் படிங்க டாக்டர்."

டாக்டர் படித்தார். இடது பக்கம்: ஏப்ரல், மே, மே, டிசம்பர், ஏப்ரல். வலது பக்கம்: செப்டம்பர், ஆகஸ்ட், செப்டம்பர், செப்டம்பர். இடம் மாறி ஒட்டியவை ஏழெட்டு இருந்தன. அவற்றையும் அவள் கிழிக்கவில்லை.

"மழைக்காலத்துல வெட்டினது தண்ணி குடிச்சு ஊதுது. நீங்க அதை எடை போட்டுச் சந்தோஷப்படறீங்க. வயிறு ஊதின ஆட்டைப் பார்த்து யாராவது கொழுத்திருக்குன்னு சொல்லுவாங்களா? துளிர்க்கிற நேரத்துல வெட்டினது மெதுவா வளருது, பழுப்பாகுது, ஆனா உள்ள கெட்டியா ஏதோ பண்ணிக்கிட்டிருக்கு. அதுக்குள்ள நீங்க தூக்கி எங்கிட்ட அனுப்பிடறீங்க. நீங்க உயிரோட இருக்கறதை எடை போட்டீங்க. நான் செத்ததைக் கையால தொட்டேன்."

டாக்டர் கதவுக்கு இன்னும் கிட்டப் போனார். ஒரு சீட்டின் மீது விரல் வைத்தார், இன்னொன்றுக்குப் போனார். திரும்பியபோது அவர் குரல் இறங்கியிருக்கவில்லை.

"இது அனுமானம். எடைக் கணக்கு எங்கிட்ட இருக்கு, இதுக்கு அளவுகோல் என்ன? நீங்க தொட்டுப் பார்த்ததா?" என்றார். பிறகு, "மூணு வாரம். கிடங்கு சாமான் வர அவ்வளவு நாளாகும். அதுக்குள்ள ஒரு பச்சை தெரியலைன்னா இருபத்து மூணையும் நீங்களே வேக வைக்கணும். என் முன்னாடி. சொத்தைச் சேதப்படுத்தினதுக்கு மெமோ தனி" என்றார்.

"குடுங்க."

மெமோ திங்கட்கிழமை வந்தது. அரசாங்கப் பாட்டில்களில் அனுமதியின்றிப் பூசியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். வயுவா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பதிலை அவளே எழுதினாள். "நான் புதிதாக எதையும் பூசவில்லை. மரத்தில் இருந்த குறியை மரத்துக்கே திருப்பிக் கொடுத்தேன். நடவடிக்கை எடுப்பதானால் மூன்று வாரம் கழித்து எடுக்கவும். இப்போது வேலை இருக்கிறது." கையெழுத்துப் போட்டு, முதியானியிடம் நகல் எடுத்துவரச் சொன்னாள்.

"முதானும்மா, கடைசி வரி வேண்டாமே."

"முதல் வரியை வேணும்னா எடுத்துடு. கடைசி வரி இருக்கட்டும்."

வேலை இருந்தது உண்மைதான். பழைய கூழில் பழுப்புச் சாறு இறங்கியிருந்தது. கட்டிகளைப் புதுக் கூழுக்கு மாற்ற வேண்டும். வயுவா புதுப் பாட்டில்களிலும் அதே குறியைப் போட்டாள். சர்க்கரையையும் உப்பையும் பாதியாகக் குறைத்தாள்.

"பாதியா? புத்தகத்துல அப்படி இல்லையே" என்றான் முதியானி.

"காய்ச்சல்ல எழுந்தவனுக்கு முதல் நாளே விருந்தா போடுவாங்க? போடு, நான் சொன்னேன்னு எழுதிக்க."

குடிதண்ணீர்ப் பானையில் கரித்துண்டு போடும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பழுப்புச் சாற்றை இழுக்கவும் கரி வேண்டும் என்றாள். முதியானி அலமாரியைக் குடைந்து, யாரும் தொடாத ஒரு டப்பா கரித்தூளைக் கண்டுபிடித்தான். "இதைப் போடறது புத்தகத்துல இருக்கு" என்று அசடு வழிந்தான்.

உள்ளறையில் சுடரின் முன் உட்கார்ந்து மாற்றியவன் அவன்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று வயுவா கத்திக்கொண்டிருந்தாள். "டேய், இடுக்கியைச் சுடு! மறுபடி சுடு! பேசிக்கிட்டே பண்ணாதே, உன் வாய்லதான் எல்லாப் பூஞ்சையும் இருக்கு!" முகமூடிக்கு உள்ளே அவன் ஏதோ திட்டினான். கண்ணாடி நல்லதாக இருந்ததால் கேட்கவில்லை.

முதல் வாரம் மூன்று பாட்டிலில் பூஞ்சை. இரண்டாம் வாரம் ஆறு முழுக்கக் கறுத்துச் சரிந்தன. மூன்றாம் வாரம் இன்னும் நான்கு. தினமும் காலையில் கிமெயு வாசலில் வந்து, "பிள்ளைங்க எப்படி?" என்பார். "உயிரோட இருக்கறது இருக்கு" என்பாள். வீட்டில் அவள் சாப்பிடுவது பாதியாகிவிட்டது. மகள் முதானு போனில், "அம்மா, ஒரு பாட்டிலுக்காகவா வேலையை விடப்போற?" என்றபோது, "விட மாட்டேன், அவங்க பிடுங்கட்டும்" என்றாள்.

இருபத்தோராம் நாள் டாக்டர் பதிவேட்டோடு வந்தார். தட்டில் பத்து பாட்டில்கள் மிஞ்சியிருந்தன. எல்லாம் பழுப்பு.

"வயுவா..."

"ரெண்டாவது வரிசை, ஓரத்துல இருக்கறது."

டாக்டர் எடுத்தார். குறி போட்ட பாட்டிலை இந்த முறை எடுத்தார், ஏனென்றால் குறிக்கு உரியவள் எடுக்கச் சொன்னாள். வெளிச்சத்தில் திருப்பினார். பழுப்பு மணிகளுக்கு நடுவே கடுகளவில் ஒரு பச்சை.

"பாசியா இருக்கும்" என்றார். ஆனால் உள்ளே கொண்டுபோனார். வயுவா சன்னலுக்குப் போனாள். அவர் நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. கடைசியில் எழுந்து, கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றார்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் உள்ளே போனாள். காலணியைக் கழற்றிவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு, நுண்ணோக்கியில் பார்த்தாள். இரண்டு இலை, கைகூப்பியதுபோல மடிந்திருந்தது. கீழே வேருக்கான வெள்ளை முனை. கட்டியின் செல்களிலிருந்து, விதையே இல்லாமல், ஒரு முழுக் கரு.

"பாசிக்கு இலை உண்டா டாக்டர்?" என்றாள்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் பத்தில் நான்குதான் பிழைத்தன. மற்ற பத்தொன்பதையும் யாரும் சொல்லாமலே அவளே ஆவிக்கலனில் வைத்தாள். செத்தது செத்ததுதான். அவற்றின் சீட்டுகளையும் கதவில் ஒட்டினாள், இடது வலது பார்த்து.

சண்டை அதோடு முடியவில்லை. பதிவேட்டில் அந்த நான்கையும் டாக்டர் "நிலைய ஊழியர்களின் கவனிப்பில்" என்று எழுதினார். வயுவா பாட்டில்களைக் கழுவுவதை நிறுத்தினாள். ஒரு நாள், இரண்டு நாள். சுத்தமான பாட்டில் இல்லாமல் முதியானி சன்னலில் வந்து கும்பிட்டான். மூன்றாம் நாள் டாக்டர் பதிவேட்டைக் கழுவும் அறைக்கே கொண்டுவந்து திறந்து வைத்தார். வளர்ப்பு வரிசையின் பெயர் என்ற கட்டத்தை அவர் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு சாய்கோடும் ஒரு வளையமும் போட்டாள். பக்கத்தில் வயுவா என்று எழுதினாள்.

மெமோவைப் பற்றி யாரும் திரும்பக் கேட்கவில்லை. விதைக் கிடங்கு வேறு கட்டடத்துக்குப் போனது. துளிர் வெட்டும் வேலை இனி செப்டம்பரில் என்று அட்டவணையில் ஏறியது. அவள் இன்னமும் பாட்டில்தான் கழுவுகிறாள்.

ஆகஸ்டில், நான்கு நாற்பதான பிறகு, தலைமையகம் இரண்டு பாட்டில் கேட்டது. கிமெயு மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல முன் இருக்கையில் வைத்துக் கட்டி ஓட்டிப்போனார். மறுநாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. முதியானி கேட்டுவிட்டு, கையால் மூடிக்கொண்டு, "உங்களுக்குத்தான்" என்றான்.

ஒரு இளம்பெண்ணின் குரல். "பாட்டில்ல சிவப்பா ஏதோ பூசியிருக்கு. எங்க எண் ஒட்ட இடமில்லை. நகப்பூச்சு மாதிரி தெரியுது. துடைச்சிடலாமா?"

"துடைக்கலாமே" என்றாள் வயுவா. "துடைச்சுட்டு, பாட்டிலைத் திருப்பி அனுப்பிடுங்க. உள்ள இருக்கறதோட."

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்கிறாள் போலிருந்தது.

"எண் சீட்டை மூடியில ஒட்டிக்கிறோம்."

"மூடியில ஒட்டிக்கங்க" என்று போனை வைத்தாள். தொட்டியில் அன்றைய பாட்டில்கள் காத்திருந்தன.